காலையில் மட்டும் உதறிய கார்

எழிலரசி எந்த வண்டி வந்தாலும் உடனே பானெட்டைத் திறக்க மாட்டாள். வண்டிக்காரருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பாள். எப்போது ஆரம்பித்தது, மேட்டில் ஏறும்போதா இறங்கும்போதா, சத்தம் முதலில் வந்ததா நடுக்கம் முதலில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே போவாள். பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி போகிற சாலையில் இருக்கும் அவளுடைய பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

"டாக்டருகிட்டப் போனாக்கூட இத்தினி கேள்வி கேக்கமாட்டாங்கம்மா."

"அதனாலதான் அங்க திரும்பத் திரும்பப் போறீங்க" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்துவிடுவாள். அவள் கணவன் அருள்குமார் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவன். இந்த மாதிரிப் பேச்சு அவன் காதில் விழுந்தால் ஒரு வேளை முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பான். அதற்காக அவள் பேச்சை விட்டதில்லை.

கேள்வி கேட்கிற பழக்கம் ஓசூரில் வந்தது. பாலிடெக்னிக்கில் சேரும்போது கம்ப்யூட்டர் பிரிவுதான் கேட்டிருந்தாள். கிடைத்தது ஆட்டோமொபைல். தக்காளியும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்த அப்பா கிருஷ்ணப்பன், "ஒரு வருசம் போ கண்ணு, அப்பறம் மாத்திக்கலாம்" என்றார். முதல் பருவத்திலேயே ஒரு பழைய இன்ஜினைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்தார்கள். மறுபடி பூட்டினபோது இரண்டு போல்ட் மிஞ்சிப்போய், அது எந்த இடத்துது என்று வகுப்பே தேடியது. கண்டுபிடித்தது எழிலரசி. அதற்கப்புறம் பிரிவை மாற்றுகிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை.

ஓசூரில் ஒரு பெரிய கார் சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. ஆனால் பெண் பிள்ளை என்று முன்னால் கவுண்ட்டரில் உட்காரவைத்தார்கள். வண்டி கொண்டு வருபவர்களின் குறைகளைக் கேட்டு உள்ளே சொல்லவேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மாறி மாறிப் புலம்பல் கேட்டாள். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே போய், மூத்த மெக்கானிக் சந்திரமோகன் பக்கத்தில் நின்றுகொண்டு, காலையில் தான் கேட்ட புலம்பலுக்கு இன்ஜினுக்குள் என்ன காரணம் இருந்தது என்று பார்ப்பாள். இப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு ஹைபிரிட் கார்கள் வர ஆரம்பித்தன. பெட்ரோலிலும் ஓடும், உள்ளே இருக்கும் பெரிய பேட்டரியிலும் ஓடும். ஆரஞ்சு நிற கேபிள்களில் ஆளையே தூக்கி எறிகிற மின்சாரம் போகும். அந்த வேலைக்குத் தனியாக ஒரு குழு அமைத்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது பலர் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழிலரசி கவுண்ட்டரிலிருந்தே கையைத் தூக்கினாள். "நீயா?" என்றார் மேனேஜர். "நான்தாங்க. குறை கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றாள்.

கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அருள்குமாருக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் வேலை மாறியபோது, அவளும் ஊருக்கு வந்து சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தாள். முதல் மாதம் வண்டி வரவில்லை, வேடிக்கை பார்க்க ஆள்தான் வந்தது. பிறகு ஸ்கூட்டி வந்தது. ஒரு தபால் ஊழியரின் ஸ்கூட்டி சரியாகி ஓடியதைப் பார்த்துத்தான் முதல் கார் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் கொட்டகைக்குள் இடம் போதாமல் வேப்ப மரத்தடிவரை வண்டிகள் நின்றன. ஆனால் ஓசூரில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட ஹைபிரிட் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. தர்மபுரியில் யாரோ ஒருவரிடம் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டபோது, "சீக்கிரம் ரிப்பேராகட்டும்" என்று அவள் வாய்தவறிச் சொல்ல, அருள்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை மாது வந்தார்.

மாது அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊர்க்காரர்தான், எழிலரசிக்குப் பெரியப்பா முறை. வருஷக்கணக்காக ஒகேனக்கல் மலைப்பாதையிலும் தொப்பூர் கணவாயிலும் வண்டி ஓட்டியதில், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எதையும் சொல்லிவிடுவேன் என்கிற பெருமை அவருக்கு உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் அன்பு புதுக் கார் வாங்கியதும், தன் பழைய ஹைபிரிட்டை அப்பாவிடம் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். சத்தத்தை நம்பி வாழ்ந்த மனிதருக்குச் சத்தமே போடாத கார். ஆரம்பத்தில் அவருக்கு அதோடு ஒத்துப்போகவே இல்லை. பட்டனை அமுக்குவார், ஒன்றும் கேட்காது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அமுக்குவார், அணைந்துவிடும். தெருவில் போனால் ஆடுகூட ஒதுங்காது. பின்னாலேயே போய் ஹாரன் அடித்தால், எங்கிருந்து வந்தது இது என்று ஆளுங்க துள்ளிக் குதிப்பார்கள். நாளாக ஆகத்தான் பிடித்துப்போனது. பெட்ரோல் பங்க் பக்கம் போகாமலே நாட்கணக்கில் ஓடியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்தக் கார் இப்போது உதறுகிறது என்றார்.

"எப்போ உதறுதுங்க பெரியப்பா?"

"காலைல மட்டும். பட்டன அமுக்கனா சும்மாதான் இருக்கும். கொஞ்ச நேரத்துல இன்ஜின் தானா முழிக்கும் பாரு, அப்ப கடகடகடன்னு பழைய லாரி மாதிரி ஆடுது. அரை நிமிசம். அப்பறம் பட்டு மாதிரி ஆயிருது. நாள் பூரா ஒண்ணும் இல்ல."

"மஞ்ச லைட்டு எரியுதா?"

"எரியுது. ஊரே சொல்லுது, பேட்டரி போயிருச்சாம். ஹைபிரிட்டுன்னாலே அதுதானாம்."

"ஊரு சொல்லட்டும். நாம வண்டியக் கேப்போம்" என்று எழிலரசி ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தாள். தன் கொட்டகையில் முதல் ஹைபிரிட். கை பரபரத்ததை மாது பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

பேட்டரி நன்றாகவே இருந்தது. ஸ்கேனர் சொன்னது வேறு. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். நாலு சிலிண்டரும் முறை வைத்து வெடிக்கவேண்டிய இடத்தில், இரண்டாவது தன் முறை வரும்போது வெடிக்காமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் அந்த உதறல். தீப்பொறி சரியில்லாமல் இருக்கலாம். பெட்ரோல் சரியாக வராமல் இருக்கலாம். இல்லையென்றால் அங்கே இருக்கக் கூடாதது ஏதாவது உள்ளே இருக்கவேண்டும். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அழுத்திவைத்திருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது ஓரிடத்தில் விட்டுப்போனால், இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். அது வேண்டாத வேலை, இன்ஜினையே திறக்கிற வேலை. அதனால் கவனமாகக் கேட்டாள்.

"தண்ணி குறையுதுங்களா?"

மாதுவுக்குச் சுருக்கென்றது. "என்ன கண்ணு கேக்கற? பஸ்ஸு ஓட்டனவன்கிட்ட தண்ணி பாத்தியான்னு கேக்கறியா? தினமும் காலைல பானெட்டத் தூக்காம நான் காபி குடிச்சதில்ல. பாட்டில்ல கோடு போட்டிருக்கு பாரு, ஒரு சொட்டு அதுக்குக் கீழ எறங்கல."

பார்த்தாள். உண்மைதான். கூலன்ட் சரியாகக் கோட்டில் நின்றது. பளிச்சென்ற ரோஸ் நிறத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் வெளுத்து, தண்ணீர் கலந்த ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. பெங்களூரில் யாராவது கலந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் ஒரு சோதனை செய்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம். ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சவேண்டும். கேஸ்கட் விட்டு, எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சாப்பிட வந்த அருள்குமார் இதைப் பார்த்ததும் கைகூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"எழிலு, இது எங்க லேபு வேலையாச்சே!"

"இடம் விட்டு நில்லுங்க. பேஷண்டுக்குக் காத்து வரணும்."

மூவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலம் நீலமாகவே இருந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்திருந்தன. நாலையும் மாற்றினாள். இரண்டாம் சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலையும் மாற்றினாள். வண்டியை ஒரு நாள் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் காலை இன்ஜின் முழித்தபோது ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. "கேஸ்கட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்க பெரியப்பா. பிளக்குதான். தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் வாயில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அன்புவின் குழந்தைக்குத் தீர்த்தமலையில் காது குத்தல் வைத்திருந்தார்கள். அதற்குத் துணி எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதுவும் அவர் மனைவி கோவிந்தம்மாளும் சேலம் போனார்கள். போகும்போது இறக்கம், ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது வெயிலில் தொப்பூர் கணவாயின் மேட்டை ஏறி, மேலே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மாளுக்கு அங்கே ஒரு சொந்தக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்ட சந்தோஷம். பேச்சு நீண்டது. கடைசியில் வந்து வண்டியைக் கிளப்பினால், கார் குலுங்கிய குலுக்கலில் மடியிலிருந்த துணிப் பை கீழே விழுந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று புகை. ஓட்டலில் இருந்த லாரி டிரைவர்கள் எல்லாரும் கையில் டீயோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

மாது போன் செய்தபோது எழிலரசி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளப் புகை வருதும்மா. டிரைவருங்க எல்லாம் சேந்து, ஒரு தடவ நல்லா ஆக்சிலேட்டர மிதிங்க, சரியாப்போயிரும்ங்கறாங்க."

சீப்பு அவள் கையில் அப்படியே நின்றது. "வேண்டாங்க! அணைச்சிருங்க. இனி பவர் பட்டனத் தொடவே தொடாதீங்க பெரியப்பா. உள்ள தண்ணி போயிருக்குன்னு நெனைக்கறேன். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. மிதிச்சீங்கன்னா உள்ள கம்பியே வளஞ்சிரும்."

"நீதான கேஸ்கட்டு நல்லாருக்குன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். வண்டி அனுப்பறேன், ஏத்திக்கிட்டு வாங்க."

காரை ஏற்றிவருகிற வண்டி சந்தை வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. டிரைவர் பக்கத்தில் மாதுவும் கோவிந்தம்மாளும், பின்னால் தேர்மாதிரி உயரத்தில் கார். காய்கறிக் கடைக்காரர் ஒருவர், "என்ன மாதண்ணா, வித்துட்டியா?" என்று கத்தினார். பஸ் வாழ்க்கையில் ஒரு நாள்கூட நடுவழியில் வண்டியை நிறுத்தாத மாது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

பட்டறையில் வந்து இறங்கியதும் எழிலரசி சுற்றிவளைக்கவில்லை. "நான் அவசரப்பட்டுட்டேங்க. ஊருக்குள்ளயே ஓட்டிப் பாத்தேன், மேட்டுல ஏத்திப் பாத்திருக்கணும். இப்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன்" என்றாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "ஆனா கூலன்ட் ஏன் குறையல? உள்ள போச்சுன்னா குறையணுமே?" என்றாள்.

மாது உடனே, "ஒரு சொட்டு குறையல!" என்றார்.

துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த கோவிந்தம்மாள் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் ஊத்தறேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாது?" என்றார் மாது.

"தினமும் காலைல இவுரு பானெட்டத் தூக்கி வெச்சிட்டு உள்ள காபிக்குக் கத்துவாரு கண்ணு. நான் அப்பத்தான் ஈரத்துணி போட்டு முன்னால தொடைப்பேன். பாட்டில்ல தண்ணி கோட்டுக்குக் கீழ இருக்கும். இவுரு பாத்தா அன்னிக்குப் பூரா அதே பேச்சாத்தான் இருக்கும். எதுக்கு வம்புன்னு ஒரு டம்ளர் குடிக்கற தண்ணிய ஊத்திருவேன்."

"எத்தன நாளாடி?"

"மழைக்கு முன்னால இருந்து."

மாது வேப்ப மரத்தைப் பார்த்தார். தினமும் காபிக்குப் பிறகு வந்து, கோடுவரை நிறைந்த பாட்டிலைப் பார்த்துப் பார்த்து அவர் பூரித்துப்போனதெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்கவேண்டும். எழிலரசிக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டாள். கோவிந்தம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் மாதுவுக்கும் உதடு கோணியது.

"பெரிம்மா, நீங்கதான் எனக்குப் பாதி நோயக் கண்டுபிடிச்சுக் குடுத்தது. நான் பெரியப்பாவ மட்டும் உக்காரவெச்சுக் கேட்டேன் பாருங்க, அதான் என் தப்பு" என்றாள் எழிலரசி.

அன்று சாயங்காலமே ஓசூருக்கு, சந்திரமோகனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீலத் தண்ணிய நம்பிட்டியா?" என்பதுதான். அவரும் ஒருமுறை நம்பி மாட்டிக்கொண்டவராம். இந்த மாதிரி இன்ஜினில் ஆரம்பத்தில் ஓட்டை மயிரிழைதான் இருக்கும். எரிந்த புகை வெளியே வருகிற அளவுக்குப் பெரிதாக இருக்காது. இன்ஜின் சூடாக ஓடி, அணைத்து நிறுத்தின பிறகு, உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தில் கூலன்ட் மெதுவாக ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று சிலிண்டருக்குள் இறங்கும். அதனால்தான் ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் உதறுகிறது. அதனால்தான் மேட்டில் ஏறிவிட்டு நின்ற வண்டி புகைகிறது. "பம்ப வெச்சு அழுத்தம் குடுத்துட்டு விட்டுரு. காலைல பிளக்க கழட்டிப் பாரு" என்றார். "இன்னொண்ணு. ஹைபிரிட்டு. சாவி வண்டிக்குள்ள கிடந்தா தானா முழிச்சிக்கப்போவுது. சாவிய வூட்டுக்கே எடுத்துட்டுப் போயிரு."

அப்படியே செய்தாள். ரேடியேட்டர் வாயில் கைப் பம்ப்பைப் பொருத்தி, முள் ஏறும்வரை அழுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் போயிருக்கவேண்டும். அருள்குமார் அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். மாதுவும் கோவிந்தம்மாளும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். எழிலரசி நாலு பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணிமேல் வைத்தாள். மூன்று காய்ந்திருந்தன. இரண்டாவது ஈரமாக இருந்தது. மெல்லிய கம்பி மாதிரி இருக்கும் கேமராவை ஓட்டைக்குள் விட்டு, போன் திரையில் காட்டினாள். மற்ற மூன்று பிஸ்டன் தலைகளும் அடுப்பில் வைத்த சட்டி அடிபோலக் கரி பிடித்துக் கிடந்தன. இரண்டாவது மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரம்போல் பளபளத்தது. நடுவில் ஒரு சின்னக் குளம்.

"தினமும் ஆவியில வெந்து வெந்து கழுவியிருக்கு" என்றாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கேனரில் கட்டளை கொடுத்து இன்ஜினைச் சும்மா சுழலவிட்டாள். இரண்டாம் ஓட்டையிலிருந்து வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு பீச்சல் அடித்துக் கொட்டகைத் தகரத்தில் போய்ப் பட்டது. அருள்குமாரின் வெள்ளைச் சட்டையிலும் கொஞ்சம் பட்டது.

"பாசிட்டிவ்" என்றான் அவன், சட்டையைப் பார்த்துக்கொண்டே.

கோவிந்தம்மாள் மெதுவாக மாதுவின் பக்கம் சாய்ந்து, "நம்ம வூட்டுத் தண்ணிதான்" என்றார்.

இன்ஜினைத் திறந்தாள். முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஆரஞ்சு கேபிள் பக்கம் யாரையும் நெருங்கவிடவில்லை. திறந்தபோதுதான் மூல காரணம் தெரிந்தது. எரிந்த புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிற ஒரு குழாய் உண்டு. உள்ளே சூடு மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது முழுக்கக் கரியடைத்து, சுரண்டி எடுத்தால் இரண்டு கை நிறையத் தேறும்போலக் கிடந்தது. பெங்களூர் நெரிசலில் நின்று நின்று ஓடிய வண்டி. குழாய் அடைபட்டு, சூடு ஏறி, ஏறி, கேஸ்கட் இரண்டாம் சிலிண்டர் ஓரத்தில் விட்டிருந்தது. அதைக் கழுவாமல் புதுக் கேஸ்கட் மட்டும் போட்டால், அதுவும் ஒரு நாள் இப்படியே போகும். நாள் முழுக்க மண்ணெண்ணெய் வாசனையோடு உட்கார்ந்து அந்தக் குழாயைக் குடைந்து சுத்தம் செய்தாள். மறுபக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிந்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக மாதுவைப் பார்த்து, "பெரியப்பா, தெரியறீங்க" என்றாள்.

இன்ஜினின் தலைப்பாகம் சூட்டில் லேசாக வளைந்திருந்தது. தர்மபுரியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொடுத்து மட்டம் பிடித்து வாங்கினாள். புதுக் கேஸ்கட் பெங்களூரிலிருந்து வரவேண்டும். காது குத்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கூரியரில் போட்டால் தாமதமாகுமே என்று அவள் கவலைப்பட்டபோது, மாதுவுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. தன்னோடு வேலை பார்த்து, இப்போது பெங்களூர் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டார். அன்பு பெங்களூர் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்க, அது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தர்மபுரி வந்து சேர்ந்தது. மாது அதை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுப் புடவை கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாம் பூட்டி, புது போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, புதுக் கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. சாலையில் போனவர்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். எழிலரசி உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் ஆவல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆயிருச்சுப்பா, பேசாம இரு" என்றார் மாது, அந்தக் காரின் சுபாவம் தெரிந்தவராக.

இன்ஜின் நிற்காமல் ஓடவேண்டும் என்றால் இந்தக் காருக்கு ஒரு தனி முறை இருந்தது. ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்து, கியரை மாற்றி மறுபடி மிதித்து, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி மிதிக்கவேண்டும். கோவிந்தம்மாள் அதைப் பார்த்து, "என்ன கண்ணு, சாமி கும்பிடறியா?" என்றார். "ஆமாம் பெரிம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் முழித்தது.

பின்னால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை.

மாதுவின் முகம் விழுந்துவிட்டது. எழிலரசியும் ஒரு தடவை திரும்பிப் புகையைப் பார்த்தாள். ஆனாலும், "குழாய்ல தங்கின பழைய ஈரம். எரிஞ்சு தீரட்டும்" என்றாள். தீர்ந்தது. புகை மெலிந்து, நூலாகி, காணாமல் போனது. மாது பானெட் பக்கத்தில் வந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நாலும் பேசுது" என்றார்.

இந்தத் தடவை அவள் சாவியைக் கொடுத்துவிடவில்லை. மறுநாள் காலை மாது ஓட்ட, கோவிந்தம்மாள் பக்கத்தில் உட்கார, எழிலரசி பின் சீட்டில் மடியில் ஸ்கேனரோடு உட்கார்ந்தாள். தொப்பூரில் கீழே இறங்கி, திரும்பி, லாரிகளுக்கு நடுவே அதே மேட்டில் ஏறினார்கள். அதே ஓட்டலில் நிறுத்தினார்கள். வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டார்கள். பரோட்டா தீர்ந்து, டீ தீர்ந்து, கோவிந்தம்மாள் ஓட்டல்காரர் மனைவியோடு இரண்டு தலைமுறைச் சொந்தத்தை அலசிமுடித்த பிறகு எழுந்து வந்தார்கள். மாது பட்டனில் விரலை வைத்தார். எழிலரசி திரையைப் பார்த்தாள். இன்ஜின் முழித்தது. கோவிந்தம்மாள் மடியில் வைத்திருந்த கொய்யாப் பழம்கூட அசையவில்லை. திரையில் மிஸ்ஃபயர் கணக்கு நாலு சிலிண்டருக்கும் நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எழிலரசி பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தீர்த்தமலைக்கு அந்தக் காரில்தான் போனார்கள். அருள்குமாரும் எழிலரசியும் மகளோடு பைக்கில் பின்னாலேயே போனார்கள். குழந்தை மலையே அதிரக் கத்தியது. தாய்மாமனின் மடியில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய புதுச் சட்டையின் பொத்தான் இரண்டு போயிற்று. விருந்தில் மாது, இலைக்கு இலை போய் கேஸ்கட் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றியது யார் என்பது மட்டும் வரவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் கோவிந்தம்மாள் பாயசம் பரிமாறுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்று, விட்டுப்போன பகுதியைச் சேர்த்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ஹைபிரிட் வந்தது. பிறகு அரூரிலிருந்து ஒன்று. ஒரு நாள் எழிலரசி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது, கோவிந்தம்மாள் தனியாக வந்து அவள் காலைத் தட்டினார்.

"கண்ணு, அந்த வண்டியில ஓட்டும்போது கியரு மாத்தற வேலையே இல்லதான?"

"இல்லீங்க பெரிம்மா. ஏன்?"

"கிளச்சும் இல்ல?"

"இல்ல."

"அப்ப ஓட்டறதுக்கு என்னதான் தெரியணும்?"

எழிலரசி அடியிலிருந்து வெளியே ஊர்ந்து வந்து அவரைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போருக்குக் கிளம்புகிற மாதிரி நின்றிருந்தார்.

இப்போது வியாழக்கிழமை காலைகளில் பாப்பாரப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். வெள்ளைக் கார் ஒன்று மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். கோவிந்தம்மாள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டுவார். பக்கத்தில் மாது மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ஏய், ஆடு! ஆடு!" என்று கத்திக்கொண்டே போவார்.